கரண்டி நடந்த தூரம்

காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, ஆறு லட்சத்து இரண்டாயிரமாவது அடியில், கோவை வேலவன் நகர் இரண்டாவது வீதியில் தன் வீட்டு அடுப்பில் புளிக்குழம்பு கிளறிக்கொண்டிருந்த சரோஜினி, கையில் கரண்டியோடு கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றாள். அன்று 2023 அக்டோபர் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. கரண்டியிலிருந்து குழம்பு மணலில் சொட்டியது. பக்கத்தில் சங்கு விற்றுக்கொண்டிருந்தவர் தன் சரக்கின் மேல் படாமல் துணியை இழுத்து மூடிக்கொண்டாரே தவிர வேறொன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தக் கடற்கரைக்கு வருகிறவர்கள் கையில் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று பார்ப்பதை அவர் பல வருஷங்களுக்கு முன்பே விட்டிருந்தார். டீக்கடையில் போன் வாங்கிச் சரோஜினி வீட்டுக்குப் பேசினாள்.

"ஏனுங்க, நான் கன்னியாகுமரில இருக்கறனுங்க."

"அடுப்ப அணைச்சயா?" என்றார் கணவர் நாச்சிமுத்து. அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

"இல்லீங்க. கிளறிட்டிருக்கறப்பவே வந்துட்டேன்."

"அதான பாத்தேன், கருகல் வாசம். சரி, மத்தியானத்துக்குள்ள வந்துருவயா?"

சரோஜினி கடலைப் பார்த்தாள். ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாகப் பார்த்தாள். மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் கையிலிருந்த காப்பை வடிவமைத்தவள் கோகிலவாணி. முப்பத்தெட்டு வயது, நகை வடிவமைப்பு படித்தவள், மூன்று வருஷக் கல்யாணத்தை முறித்துக்கொண்டு அதே வேலவன் நகரில் அண்ணன் சென்னியப்பன் வீட்டு மாடியறைக்குத் திரும்பி வந்தவள், 'மினுக்' என்ற கம்பெனியில் தலைமை வடிவமைப்பாளர். மினுக்கைத் தொடங்கிய கிரிதரன், கவரிங் நகை விற்றுக் காசு பார்த்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வெளிநாட்டில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்து, பெண்களுக்குக் கருவி பிடிக்காது, பளபளப்புதான் பிடிக்கும், ஆகவே கருவியைப் பளபளப்புக்குள் ஒளித்துவைத்தால் விற்றுவிடும் என்று கண்டுபிடித்தவர். அதைக் கண்டுபிடிக்க அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை, பெரியகடை வீதியில் நின்றிருந்தாலே போதும் என்று கோகிலவாணி நினைத்தாள், ஆனால் சொல்லவில்லை. அவள் நினைத்துச் சொல்லாமல் விட்டவை நிறைய.

"பொம்பளைங்களுக்கு மூணே மூணு வேணுமுங்க மேடம்," என்பார் கிரிதரன், ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும். "ஜொலிக்கணும், கனமில்லாம இருக்கணும், பக்கத்து வீட்டுக்காரி எங்க வாங்குனீங்கன்னு கேக்கணும். உள்ள என்ன இருக்குதுன்னு அவங்க கேக்கவே மாட்டாங்க."

போன் வந்தால் காதில் சிணுங்கும் ஜிமிக்கி, நெஞ்சுத் துடிப்பை அளக்கும் அட்டிகைப் பதக்கம், மூச்சை எண்ணும் மூக்குத்தி என்று இரண்டு வருஷம் செய்து பார்த்தார்கள். மூக்குத்தி முதல் தும்மலிலேயே தோற்றது. கடைசியில் தேறியது ஒற்றைக் காப்பு. வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசி, உள்ளே குடைந்து, அடி எண்ணும் சில்லைப் பதித்து, மேலே ஒரு வெள்ளைக் கல். வாங்கியவள் தன் போனில் ஒரே ஒருமுறை, தான் நடந்து போக விரும்பும் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு போன் அந்தப் பெயரைக் காட்டாது. அவள் நடக்க நடக்க, வீட்டுக்குள் நடந்தாலும் சரி, வாசலில் நடந்தாலும் சரி, அடிகளைக் கூட்டி அந்த ஊருக்கான தூரத்தில் கழித்து, ஊர் நெருங்க நெருங்கக் கல் சிவக்கும். 'ராணி எங்கே போகிறாள் என்று ராணிக்கு மட்டுமே தெரியும்' என்று கிரிதரன் விளம்பரம் எழுதினார். காப்புக்கு 'ராணிநடை' என்று பெயரும் வைத்தார். ஒரு சிவந்த கல்லைப் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு ராணிகள் நின்றுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

அவருடைய முதல் கணக்கு முதல் வாரத்திலேயே பிசகியது. வாங்கிய பெண்கள் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தார்கள். மிக்சியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள், வீட்டில் வைஃபை நின்றால் கணவனை எழுப்பாமல் தாங்களே சரிசெய்கிறவர்கள், மகன் வீசிவிட்டுப் போன பழைய போன்களைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் முதலில் வாங்கினார்கள். சரோஜினி வாங்கிய அன்றே கொண்டையூசியால் பின்மூடியைத் திறந்து பேட்டரி எந்த ஊர்ச் சரக்கு என்று பார்த்துவிட்டு மூடினாள். இரண்டாவது நாள் சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேசரி கிளறியபோது காப்பு அறுநூறு அடி எண்ணியிருப்பதையும் பார்த்தாள். யாரிடமும் புகார் சொல்லவில்லை. புகார் சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா?

அந்தப் பிழையின் கதை சிறியது. மினுக் கம்பெனியார் நானூறு பெண்களின் மணிக்கட்டை அளந்திருந்தார்கள். சுற்றளவு அளந்தார்கள், எலும்பு துருத்தும் இடம் அளந்தார்கள், தோலின் நிறத்தை ஏழாகப் பிரித்து எந்த நிறத்துக்கு எந்த முலாம் என்று அட்டவணை போட்டார்கள். அந்த மணிக்கட்டு நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. சோதனைக்காகக் காப்பை ஆறு மாதம் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் ஆண்கள், வெட்கத்தில் முழுக்கைச் சட்டையை இழுத்து மறைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தவர்கள். ஆறாவது ஆள் கோகிலவாணி, அண்ணி ருக்குமணி சமைத்து வைத்ததை மூன்று வேளையும் தின்றுவிட்டு மேசையில் உட்கார்ந்து படம் வரைந்தவள். ஆறு பேரில் ஒருவரும் அந்த ஆறு மாதத்தில் ஒரு பாத்திரத்தைக் கிளறவில்லை. ஆகவே கரண்டி ஒரு சுற்றுச் சுற்றினால் அதைக் காப்பு ஓர் அடி என்று எண்ணும் என்பது கம்பெனிக்கு ஒரு பொழுதும் தெரியவரவில்லை.

கல் முழுவதும் சிவந்தால் போட்டிருப்பவள் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்பதும் தெரியாதுதான். ஆனால் அது எப்படி என்று ஊரில் கேட்டவர்கள் குறைவு. அக்டோபர் முடிவதற்குள் பதினொரு பேர் பழனி அடிவாரத்திலும், நான்கு பேர் திருச்செந்தூரிலும், இரண்டு பேர் குருவாயூரிலும் போய் நின்றார்கள், சிலர் கரண்டியோடு, சிலர் மத்தோடு, ஒருத்தி இரண்டு கையிலும் உளுந்து மாவோடு. செய்தித்தாள் ஏழாம் பக்கத்தில், கோழித்தீவன விலைக்குக் கீழே போட்டது. ஊட்டிக்குப் போன ஒருத்தி நைட்டியில் போய்ச் சேர்ந்து குளிரில் நடுங்கியதற்குப் பிறகு, கல் சிவக்கத் தொடங்கியவர்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, இடுப்புச் சுருக்குப் பையில் திரும்பி வரும் பஸ்ஸுக்குக் காசு முடிந்துகொண்டு, காலில் செருப்புப் போட்டுக்கொண்டுதான் அடுப்புப் பக்கம் போனார்கள். ஊர் கொதித்தது அப்போதுதான். சமையலறைக்குள் செருப்பா என்று மாமியார்கள் கிளம்பினார்கள். ஒரு பெண் நின்ற இடத்திலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பதைப் பற்றி ஒரு வாரம் பேசிய வேலவன் நகர், செருப்பைப் பற்றி மூன்று வாரம் பேசியது. கடைசியில் பிள்ளையார் கோயில் குருக்கள், வெளியில் போட்டிராத புதுச் செருப்பானால் தோஷமில்லை என்று சொன்னார். செருப்புக் கடைக்காரர் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் உபயம் செய்தார், அதில் தன் கடைப் பெயரை எழுதிக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் சாமான் பட்டியல் கொடுக்கத் தொடங்கினார்கள். பழனி என்றால் பஞ்சாமிர்தம், குருவாயூர் என்றால் நேந்திரங்காய் வறுவல். போகிற பஸ் காசு மிச்சம் என்று கணவர்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்டார்கள். அவர்களில் சிலர் தாங்களும் ஒரு காப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்று கிளறினார்கள். காப்பு எண்ணத்தான் செய்தது, ஆணென்றும் பெண்ணென்றும் அது பார்க்கவில்லை. ஆனால் எந்த ஆணும் எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை, ஏனென்றால் பதினோரு நிமிடத்துக்கு மேல் ஒருவராலும் கிளற முடியவில்லை.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, மூன்றாவது வீதிப் பெண் ஒருத்தி தாராபுரத்தில் தன் அம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். புருஷன் வீட்டார் சொல்லாமல் போய்விட்டாள் என்று கொதித்து நலச்சங்கத்தைக் கூட்டினார்கள். சங்கத் தலைவர் முருகானந்தம் வக்கீல். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பொம்பள தானா பஸ் ஏறிப் போனாத்தானுங்க போனது. காப்பு கொண்டுபோயி விட்டா அது ஆலங்கட்டி மழை மாதிரி. மழைகிட்டப் போயி யாராச்சும் நாயம் கேப்பமா? அவளையும் கேக்கக்கூடாது, போய்ச் சேந்த வூட்டுக்காரங்களையும் கேக்கக்கூடாது. சரிங்கறவங்க கை தூக்குங்க."

தலைவரின் மனைவி இன்னும் நாலு நாளில் திருப்பதி போய்ச் சேரவிருந்தாள். லட்டு வந்தால் வீடு வீடாகக் கொடுப்பதாக அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எல்லாக் கையும் உயர்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மோட்டார் பம்ப் வியாபாரி சென்னியப்பனின் கையும் உயர்ந்தது, மற்றக் கைகளைவிடக் கொஞ்சம் உயரமாக. அவருக்கு எதிலும் முன்வரிசை வேண்டும்.

அந்தத் தீர்ப்பு ஆண்களுக்கு ஒரு மாதம்தான் இனித்தது. கோயில் குளம் போனவர்கள் போய்த் தீர்ந்த பிறகு, மற்ற ஊர்களுக்கான கல் சிவக்கத் தொடங்கியது. ஒருத்தி திருப்பூரில் தான் தங்கிப் படித்த விடுதி வாசலில் போய் நின்றாள். ஒருத்தி, யாரும் தெரிந்தவர் இல்லாத மைசூரில் போய் நின்று, அறை எடுத்து இரண்டு நாள் தூங்கிவிட்டு வந்தாள். எதற்கு மைசூர் என்று கேட்டதற்கு, சும்மா என்றாள். சும்மா என்ற சொல்லை வேலவன் நகர் ஆண்கள் தாங்கமாட்டார்கள். டிசம்பர் பிறந்ததும் பதினேழு பேர் திரண்டு மினுக் அலுவலகத்துக்கு வந்தார்கள், நாச்சிமுத்து வாத்தியார் தலைமையில்.

"கோயிலுக்குப் போனா நாங்க ஏனுங்க கேக்கறோம்? எங்க போறாங்கன்னு எங்களுக்கு ஒரு வார்த்தை முன்னாடி தெரிய வேண்டாமுங்களா? அதும் கிளறுறதெல்லாம் நடையா? கணக்குன்னா ஒரு நாயம் வேணுமுல்லீங்க," என்றார் வாத்தியார்.

கிரிதரனுக்கு அந்தப் பதினேழு பேரும் வாடிக்கையாளர்களாகவே தெரிந்தார்கள். அவர்கள் போன பின் முடிவை அறிவித்தார். காப்புகளுக்கு ஒரு புதுப்பிப்பு அனுப்பப்படும். அதற்குப் பின் கரண்டிச் சுற்று எண்ணப்படாது. இதுவரை எண்ணியது எல்லாம் பூஜ்யமாகும். குடும்பத் தலைவரின் போனில் ஊர்ப் பெயர் தெரியும். மார்கழியில் எதையும் வெளியிடுவது நகைக்காரர் வழக்கமில்லை, ஆகவே அதற்கு முன்னால், டிசம்பர் பதினாலு, வியாழக்கிழமை, வளர்பிறை, காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள்.

விற்ற காப்புகள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. புதுப்பிப்புக்கு முன் சரிபார்ப்பதற்காக அவற்றின் பட்டியல் டிசம்பர் பதினொன்றாம் தேதி கோகிலவாணியின் மேசைக்கு வந்தது. யார், எந்த ஊர், எத்தனை மிச்சம். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். சிங்கப்பூர் என்று ஒருத்தியும் கேட்டிருக்கவில்லை. உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் என்று ஒருத்தி கேட்டிருந்தாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நானூற்றுப் பதினேழாம் எண்ணில் பென்சில் நின்றது. ருக்குமணி சென்னியப்பன். புனே. மொத்தம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், மிச்சம் எண்பத்து நான்கு.

புனேயில் இருப்பது யார் என்று கோகிலவாணிக்குத் தெரியும். அண்ணனின் ஒரே மகள் சிந்துஜா. மூன்று வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டவள். அன்று சென்னியப்பன் நடுக்கூடத்தில் நின்று மனைவியிடம் சொன்னதும் தெரியும்: "நீ அந்த வாசப்படிய மிதிச்சா இந்த வாசப்படிய மிதிக்காத." அப்போது கோகிலவாணி மாடிப்படியில் பாதி இறங்கி நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாடியறையின் சாவி அண்ணனுடையது என்பது நினைவுக்கு வந்து, இறங்கிய படிகளைத் திரும்ப ஏறிப் போய்விட்டாள். அண்ணி துணி காயப்போடும் மறைவில் மகளோடு போனில் பேசுவது தெரியும், அதைத் தெரியாததுபோல் இருப்பதே பெரிய உதவி என்று மூன்று வருஷமாகத் தன்னையே மெச்சிக்கொண்டதும் தெரியும்.

அன்று சாயங்காலம் அவள் முதல்முறையாகச் சமையலறைக்குள் போய் நின்றாள். ருக்குமணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கையில் கல் குங்குமச் சிவப்பை நெருங்கியிருந்தது.

"அண்ணி, இன்னும் எட்டு நாளாகுமுங்க," என்றாள் கோகிலவாணி.

ருக்குமணி திரும்பவில்லை. "எட்டரை. தினமும் பாயசம் வெச்சா ஏழரை."

"எதுக்குங்க அவசரம்?"

"இருபத்திரண்டாந் தேதின்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. தலைப்பிரசவம் கண்ணு. அவ மாமியாருக்கு நடக்க முடியாது. ரயில்ல போனா உங்கண்ணன் சொன்ன சொல்லு நிக்கும். காப்பு கொண்டுபோயி விட்டா யாரும் கேக்கக்கூடாதுன்னு அவரே கை தூக்கியிருக்கறாரு."

"வியாழக்கிழமை எல்லாத்தையும் பூஜ்யம் பண்றாங்க அண்ணி."

கரண்டி நின்றது. மூன்று விநாடிதான் நின்றது. "நீ வரைஞ்ச காப்புத்தான?" என்று கேட்டுவிட்டு ருக்குமணி மறுபடி கிளறத் தொடங்கினாள்.

அந்த வாரம் முழுவதும் சென்னியப்பன் வீட்டில் விருந்து. திங்களன்று ராத்திரி சேமியா, செவ்வாய் பருப்புப் பாயசம், புதன் கோதுமை அல்வா, நாலு மணி நேரம் கை ஓயாமல் கிண்டினால்தான் சுருண்டு வரும் அல்வா. என்ன விசேஷம் என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சென்னியப்பன் சர்க்கரை மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொண்டு சாப்பிட்டார். மனைவியின் பயணத்தை அவர் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டார், விரலையும் நக்கிக்கொண்டார்.

கோகிலவாணியிடம் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. காப்பின் வடிவம் அவள் பெயரில் பதிவாகியிருந்தது, அதன் வேலையில் எதை மாற்றினாலும் அவள் ஒப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். பெண் பெயர் ஒன்று இருந்தால் முதலீட்டாளர்களுக்குப் பிடிக்கும் என்று கிரிதரனே சேர்த்த வரி அது. அதை யாராவது பயன்படுத்துவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. புதன்கிழமை அவர் நீட்டிய கடிதத்தில், சமையல் அசைவை நடையென்று எண்ணியது வடிவமைப்பாளரின் கவனக்குறைவு என்றும் எழுதியிருந்தது. வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கோகிலவாணி அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி போனது. வெள்ளிக்கிழமை வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்பினாள். கார்த்திகை முடிய ஒரு நாள் இருந்தது.

சனிக்கிழமை ஒன்பது ஐந்துக்கு அலுவலகம் வந்து, பேனாவைத் திறந்து, "குடுங்க, போட்டர்றேன்," என்றாள்.

கிரிதரன் பதறினார். "ராகு காலம் மேடம்! பத்தரை ஆகட்டும்."

பத்தரைக்கு மேல் அவள், கடிதத்தில் சோதனை செய்த மற்ற ஐந்து பேரின் பெயரும் வர வேண்டும் என்றாள். ஐந்து பேரில் ஒருவர் கிரிதரன்.

"அதெல்லாம் எதுக்குங்க? உங்க வேலை அது."

"ஆறு பேரும்தான காப்புப் போட்டோம் சார். ஆறு பேரும் ஒரு நாளும் கிளறல. அத எழுதுங்க, போடறேன்."

"நான் கிளறலைன்னு கம்பெனிக் கடுதாசில எழுதறதா? இன்வெஸ்டர் படிப்பாங்க மேடம்!"

"படிக்கட்டுமுங்க. அவங்களும் கிளறியிருக்க மாட்டாங்க."

ஒன்றரைக்கு எமகண்டம் வந்தது. மூன்று மணிக்கு அது போனது. ஐந்து பேர் என்பதை 'குழு' என்று மாற்றலாமா என்று கேட்டார், மாட்டேன் என்றாள். சம்பளம் கூட்டுகிறேன் என்றார், அதையும் எழுத்தில் கேட்டாள். எழுதித் தட்டச்சு செய்து கொண்டுவருவதற்குள் விளக்கு வைக்கும் நேரமானது. அப்போது கோகிலவாணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கிரிதரன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். மறுநாள் மார்கழி ஒன்று. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அந்த மனிதர், நகைக்கடைக்காரப் பேரனாக நாற்காலியில் சாய்ந்து, "தை பொறக்கட்டும்," என்றார்.

மார்கழி இரண்டாம் நாள், திங்கட்கிழமை, அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்கு நாள் பார்ப்பது வழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை, டிசம்பர் பத்தொன்பது, காலை பத்து மணிக்குச் சென்னியப்பனுக்கு அந்தச் சேதி தெரிந்தது. தங்கைக்காக அவர் வருந்தினார் என்று சொல்ல முடியாது. தன் வீட்டு ஆளை ஒருவன் வெளியே அனுப்பினான் என்பதில்தான் அவருக்கு வலித்தது. வாசலில் நாச்சிமுத்து வாத்தியார் பேப்பர் வாங்க வந்து நின்றிருந்தார், ஆகவே குரலை உயர்த்திச் சொன்னார்.

"அந்தக் கம்பெனிச் சாமான் இனி என் வூட்டுல ஒண்ணும் இருக்கக்கூடாது. ருக்கு, அந்தக் காப்பக் கழட்டி இங்க குடு."

ருக்குமணி அடுப்படியில் பால் பாயசம் கிளறிக்கொண்டிருந்தாள். நல்ல சேலை, காலில் புதுச் செருப்பு. கல்லில் ஓர் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் கோகிலவாணியைப் பார்த்தாள்.

அந்தக் காப்பின் திருகை ஒரே ஒரு நகத்தால், ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடலாம். அதற்காகக் கோகிலவாணி பதினாலு மாதம் உழைத்திருந்தாள். பெங்களூர்க் கண்காட்சியில் அவளுக்குப் பரிசு கொடுத்ததே அந்தத் திருகுக்குத்தான். அவள் வாழ்க்கையில் சரியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று அவளே சொல்லிக்கொள்வதுண்டு.

"அது கழலாதுங்ணா," என்றாள் கோகிலவாணி. "திருகு சரியில்லாத டிசைன். இறுகிப் போச்சுன்னா தனியா ஒரு ஊசி வேணும். அது இல்லாம இழுத்தா கை கிழிஞ்சுரும்."

"நீதான வரைஞ்ச?"

"நாந்தானுங்ணா. மோசமா வரைஞ்சிட்டேன். அதான் வெளிய அனுப்பிட்டாங்க."

வாத்தியார் வாசலிலிருந்து, "பாத்தீங்களா, நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார். தங்கை ஒன்றுக்கும் ஆகாதவள் என்பது நாலு பேர் முன்னால் உறுதிப்பட்டதில் சென்னியப்பனுக்குக் கோபம் பாதி தணிந்தது. ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். டவுன்ஹாலில் ஒரு கடை இருக்கிறது, சாயங்காலம் வாங்கி வருகிறேன் என்றாள். இல்லாத ஊசிக்கு இல்லாத கடை. அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, அந்தப் பாயசத்தையாவது கொண்டா," என்றார்.

"சுண்டட்டுமுங்க," என்றாள் ருக்குமணி உள்ளிருந்து.

பால் சுண்டிக்கொண்டே இருந்தது. கூடத்தில் சென்னியப்பன் கிண்ணத்தில் ஸ்பூனைத் தட்டினார். கோகிலவாணி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள், வழியை மறைத்து. உள்ளே கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் சீராக, ஒரே மாதிரி, சலிக்காமல் கேட்டது. அந்தச் சத்தத்தை மூன்று வேளையும் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டு படம் வரைந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. பதினொன்று நாற்பத்திரண்டுக்குச் சத்தம் நின்றது.

"ஆச்சா?" என்றார் சென்னியப்பன்.

"ஆச்சுங்ணா. அண்ணி போயிட்டாங்க."

அவர் எழுந்து வந்து பார்த்தார். பாத்திரம் இருந்தது, கரண்டி இல்லை. "எங்க, பழனிக்கா?"

"புனேவுக்குங்ணா."

அவர் முகம் என்னவோ ஆனது. வாய் திறந்தது. வாசலில் வாத்தியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார், அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள், மூவரும் நவம்பரில் அவரோடு கை தூக்கியவர்கள். சென்னியப்பன் அவர்களைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"அவளாப் போகலியே?" என்றார். "காப்புத்தான கொண்டுபோச்சு?"

"காப்புத்தானுங்ணா."

"அப்பறம் என்ன. மழை மாதிரி," என்று வாசலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பாயசம் அடிப்பிடித்தது. அதைக் கிளற வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் கோகிலவாணியின் போன் அடித்தது.

"வந்துட்டேன் கண்ணு. நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யல, வாசல்ல கொண்டுவந்து விட்டுச்சு, மேல நான்தான் ஏறுனேன்," என்றாள் ருக்குமணி. பின்னால் யாரோ அழுவதும் சிரிப்பதுமாக ஒரு குரல் கேட்டது. "இரு, உன் அத்தைகிட்ட நீயே பேசு," என்று போன் கைமாறியது. மறுமுனையில் சிந்துஜா, "அத்த," என்றாள். கோகிலவாணிக்கு மூன்று வருஷமாகச் சொல்லாமல் விட்டதில் எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

குழந்தை இருபத்து மூன்றாம் தேதி பிறந்தது, பெண். தை மூன்றாம் நாள் கிரிதரன் புதுப்பிப்பை அனுப்பினார். ஒப்பந்தத்தில் இருந்த வரியைப் புது வடிவமைப்பாளரை வைத்துச் சரிக்கட்டியிருந்தார். கல்லெல்லாம் ஒரே காலையில் வெளுத்தது. அன்று மாலைக்குள் பெண்கள் காப்பைக் கழற்றி, வேலை செய்யாத ரிமோட்டுகளும் பழைய சார்ஜர்களும் கிடக்கும் இழுப்பறையில் போட்டார்கள். எதையும் தூக்கி எறியாதவர்கள் அவர்கள், ஆகவே அதையும் எறியவில்லை. வாத்தியார் வீட்டில் சரோஜினி பின்மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்துச் சுவர்க் கடிகாரத்துக்குப் பொருந்துமா என்று பார்த்தாள். பொருந்தவில்லை.

2024 மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னியப்பன் புனேயிலிருந்து வந்த ரயிலில் கோவையில் இறங்கினார். போவதற்கு ஒரு டிக்கெட்டும், ருக்குமணியோடு வருவதற்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வருகிற டிக்கெட்டில் ஒன்றை ரயிலேறுவதற்கு முந்தின நாளே ரத்து செய்துவிட்டிருந்தார்.